பாடசாலை மல்யுத்தப் பயிற்றுவிப்பாளர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்து, மல்யுத்தம் பழக்கியே ஓய்வு பெற்றவன் நான். பெற்றோர், பழைய மாணவர்கள், புதிதாக நியமனம் கிடைத்த ஆசிரியர்கள் என்று ஆளுக்கு ஆள் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக் களைத்துவிட்டேன். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

சேர், இது டிவியில் போகிற ரெஸ்லிங்தானே?

இல்லை. அங்கே யார் வெல்வது என்று முதலே பேசி வைத்துவிடுவார்கள். இங்கே கதிரையால் அடிக்கவும் ஏலாது, கயிற்றில் ஏறிப் பாயவும் ஏலாது. இதைக் கேட்டதும் தரம் ஆறு பொடியன்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மிச்சம் நிற்கிறவர்களை வைத்துத்தான் நான் அணி கட்டினேன்.

விதி சுருக்கமாக இதுதான். 9 மீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்குள் பிடிக்க வேண்டும். எதிராளியின் இரண்டு தோளையும் ஒரே நேரத்தில் மெத்தையில் அழுத்திப் பிடித்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. அது நடக்காவிட்டால் புள்ளிக் கணக்கு: கீழே வீழ்த்தி அடக்கினால் 2, முதுகு மெத்தையைப் பார்க்கிற மாதிரி நேரே வீழ்த்தினால் 4, உயரத் தூக்கி எறிந்தால் 5, வட்டத்துக்கு வெளியே தள்ளினால் 1. காலையும் பிடிக்கக்கூடிய பிரீஸ்டைல் பாணியில் 10 புள்ளி வித்தியாசம் வந்தால் நடுவர் நிறுத்திவிடுவார். கிரேக்க ரோமன் பாணியில் இடுப்புக்குக் கீழே கை வைக்கக்கூடாது. அங்கே 8 புள்ளி வித்தியாசம் போதும். சர்வதேச விதிப்படி பெரியவர்களுக்கு மூன்று நிமிடப்படி இரண்டு சுற்று, 17 வயதுக்குட்பட்டவர்களுக்கு இரண்டு நிமிடப்படி இரண்டு சுற்று. நாலு நிமிடம்தானே என்று சிரிக்கிற தகப்பன்மாரை மெத்தையில் ஏற்றிவிடுவேன். ஒரு நிமிடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு இறங்குவார்கள்.

நீங்கள் கபடி ஆள் என்று கேள்வி. எப்படி இதற்குள் வந்தீர்கள்?

அதிபரின் கணக்கால் வந்தேன். வலயப் போட்டியில் மல்யுத்தத்துக்கு வருகிற பாடசாலைகள் குறைவு, ஆள் அனுப்பினால் புள்ளி எடுக்கலாம் என்று அவர் கண்டுபிடித்தார். அப்போது நான்தான் கபடிக்குப் பொறுப்பு. "நீங்க எப்படியும் காலைப் பிடிக்கத்தானே பழக்குறீங்க" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. கபடிப் பொடியனுக்குக் கணுக்கால் பிடியும் தொடைப் பிடியும் ஏற்கெனவே கையில் இருக்கும், விழப் பயமும் இருக்காது. ஆனால் கபடியில் பிடித்தவன் தனி ஆளில்லை, பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். மல்யுத்தத்தில் காலைப் பிடித்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. முதல் வருடம் என் பொடியன்கள் எதிராளியின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கோட்டுக்குப் போகவிடாமல் தடுத்து, நடுவர் விசில் அடிப்பார் என்று பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். நடுவர் ஏன் அடிக்கப் போகிறார்? பிறகு கொழும்பில் ஒரு பயிற்சி நெறிக்குப் போனேன். பெரும்பாலும் சிங்களத்தில் நடந்தது. எனக்குப் பாதி விளங்கியது, மீதியை மெத்தையில் விழுந்து விளங்கிக்கொண்டேன்.

மெத்தை இல்லாமல் எப்படிப் பழக்கினீர்கள்?

கடற்கரையில். மட்டக்களப்பில் இருந்துகொண்டு மணலுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. பயிற்சி தொடங்க முதல் பிள்ளைகளை வரிசையாக முழங்காலில் இருத்தி, விரலால் மணலைக் கோதவிடுவேன். போத்தல் துண்டு, மீன் முள், தூண்டில் கொழுக்கி என்று எல்லாம் வரும். கடைசியாக நான் வெறுங்காலோடு ஒரு சுற்று நடந்து பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் பிடி.

மணல் கால்களுக்கு நல்ல பலம் தரும். அதில் ஒரு குறையும் உண்டு: கால் புதைவதால் அடி எடுத்து வைக்கிற வேகம் குறைந்துவிடும். மணலில் மட்டும் பழகினவன் மெத்தைக்குப் போனால், அவன் காலைப் பிடிக்கக் குனிவதற்குள் எதிராளி இரண்டு அடி பின்னால் போயிருப்பான். அதனால் கிழமையில் ஒரு நாளாவது மண்டபத்துக்குள் வேகத்துக்கென்று பழக்க வேண்டியிருந்தது. மாரியில் வேறு வழியும் இல்லை. தும்பு மெத்தைகளை நெருக்கி அடுக்கி, மேலே தார்ப்பாயை விரித்து, நாலு பக்கமும் கயிறு போட்டு வாங்குகளில் இழுத்துக் கட்டுவோம். தார்ப்பாய் சுருங்கினால் கால் பெருவிரல் அதற்குள் மாட்டிக்கொள்ளும். எங்கள் பிள்ளைகளுக்கு வந்த சுளுக்குகளில் பாதி அப்படி வந்ததுதான். எறிகிற பிடிகளை அந்த மெத்தையில் நான் ஒருநாளும் பழக்கவிடவில்லை.

இப்போது கடற்கரை மல்யுத்தம் என்றே ஒரு சர்வதேசப் பிரிவு இருக்கிறது. 7 மீற்றர் விட்டமுள்ள மணல் வட்டம், மூன்று நிமிடம், முதலில் 3 புள்ளி எடுத்தவர் வென்றார். நாங்கள் வழியில்லாமல் செய்ததற்கு இன்று உலகத் தொடர் வைக்கிறார்கள். கல்லடியிலும் பாசிக்குடாவிலும் நம் பிள்ளைகளுக்கு இதை நடத்த பெரிய செலவே இல்லை. ஏன் இன்னும் ஒருவரும் கையில் எடுக்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

எந்த மாதிரிப் பிள்ளை இதற்குச் சரிவரும்?

பெரிய உடம்பு தேவையில்லை. எடைப் பிரிவு இருப்பதே அதற்காகத்தான். வேறு விளையாட்டில் உயரம் போதாது என்று கழித்துவிட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர் என்னிடம் வந்து நின்றுபிடித்தார்கள்.

கரைவலை இழுக்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கைப்பிடி இரும்பு மாதிரி இருக்கும். மணிக்கட்டைப் பிடித்தால் விடுவிக்க ஏலாது. ஆனால் வலை இழுக்கிறவன் பின்னால் சாய்ந்து, குதிக்காலில் பாரத்தைப் போட்டு இழுத்துப் பழகியவன். மல்யுத்தத்தில் அப்படி நின்றால் ஒரு தள்ளுக்கு மல்லாந்து விழுவான். முழங்காலை மடக்கி, பாரத்தை முன்பாதத்துக்குக் கொண்டுவரப் பழக்க மாதக்கணக்காகும். படுவான்கரைப் பக்கம் வயலில் வளர்ந்த பிள்ளைகள் அதற்கு நேர்மாறு: சேற்றில் நடந்து நடந்து கால் நிதானமாக இருக்கும், கைதான் மெதுவாக வரும். இரண்டு பேரையும் ஒரு சோடியாகப் போட்டுப் பழக்கினால் ஒருவரிடம் இருந்து ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். நான் வாயால் சொல்லிக் கொடுத்ததை விட அது வேகமாக ஏறும்.

அடுத்த கிழமை போட்டி. மகனுக்கு இரண்டு கிலோ கூட. சாப்பாட்டை நிறுத்தலாமா?

நிறுத்தக்கூடாது. என் வேலைக்காலத்தில் அதிகம் பதில் சொன்னதும் அதிகம் சண்டை பிடித்ததும் இந்த விசயத்துக்காகத்தான்.

ஒருமுறை மாகாணப் போட்டிக்கு முதல்நாள் இரவு, தங்கியிருந்த இடத்தில் ஒரு பொடியனைக் காணவில்லை. தேடிப் போனால் மைதானத்தின் பின்பக்கம் மழைக்கோட்டைப் போட்டு, அதற்கு மேல் ஜம்பரும் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறான். கையில் ஒரு போத்தல். குடிக்க இல்லை, எச்சில் துப்ப. உதடு வெடித்திருந்தது. ஆர் சொல்லித் தந்தது என்று கேட்டேன். போன வருடம் வென்ற அண்ணாமாராம். அவனைக் கூட்டிவந்து சோறும் மீன் குழம்பும் கொடுத்தேன். காலையில் மேல் எடைப் பிரிவுக்குப் பெயரை மாற்றக் கேட்டேன், நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். அவன் அந்தப் போட்டியில் இறங்கவில்லை. தகப்பன் என்னோடு கனகாலம் கதைக்கவில்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், இது ஆளைக் கொல்லும். 1997ஆம் ஆண்டு கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் ஒரு மாதம் சொச்சத்துக்குள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். மூன்று பேரும் எடை குறைக்க வியர்வை உடுப்புப் போட்டுக்கொண்டு, சூடேற்றிய அறைக்குள் உடற்பயிற்சி செய்தவர்கள். அதற்குப் பிறகுதான் அங்கே அந்த உடுப்பையும் நீராவி அறையையும் தடை செய்தார்கள். இப்போது அவர்களுடைய உயர்பாடசாலைகளில் பருவத் தொடக்கத்திலேயே பிள்ளையின் உடற்கொழுப்பை அளந்து, ஆண் பிள்ளைக்கு 7 வீதத்துக்கும் பெண் பிள்ளைக்கு 12 வீதத்துக்கும் கீழே போகாதபடி எடைப் பிரிவைத் தீர்மானிக்கிறார்கள். கிழமைக்கு உடல் எடையில் 1.5 வீதத்துக்கு மேல் குறைக்கவும் விடமாட்டார்கள். 50 கிலோப் பிள்ளைக்கு அது 750 கிராம். குளிர் நாட்டிலேயே இப்படியென்றால், கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் நம் ஊரில் தண்ணீர் குடிக்காமல் ஓடுகிற பிள்ளையின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட்டின் கதை எல்லோருக்கும் தெரியும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோப் பிரிவில் ஒரே நாளில் மூன்று பேரை வென்று இறுதிப் போட்டிக்குப் போனார். வென்றவர்களில் ஒருவர் ஜப்பானின் யுய் சுசாகி. அடுத்த நாள் காலை 100 கிராம் கூட என்று தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். அவர் நெடுங்காலம் 53 கிலோவில் பிடித்தவர். உலகத்தரமான வைத்தியரும் உணவு ஆலோசகரும் பக்கத்தில் இருந்தும் உடம்பு ஒத்துவரவில்லை. உங்கள் மகனுக்குப் பக்கத்தில் நானும் ஒரு தண்ணீர்ப் போத்தலும்தான். எடை பார்ப்பதும் போட்டி நாள் காலையில்தான், வற்றவைத்த தண்ணீர் உடம்புக்குத் திரும்பி ஏற நேரமே இருக்காது.

நான் கடைசிவரை செய்தது இது. போட்டிக்கு மூன்று மாதம் முதல் பிள்ளையின் எடையைப் பார்த்து, தாய் தகப்பனை வைத்துக்கொண்டு பிரிவைத் தீர்மானிப்பேன். கிழமைக்கு ஒருமுறை நிறுத்துக் கொப்பியில் எழுதுவேன். திடீரென்று இறங்கினால் வீட்டுக்குப் போன் போகும். வளர்ந்து ஏறினால் மேல் பிரிவு, கதை முடிந்தது. அதனால் சில பதக்கங்கள் போனது உண்மைதான்.

புரோட்டீன் பவுடர் வாங்கிக் கொடுக்கவா?

அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. அப்புறம் நெத்தலி, சூடை, பருப்பு, பயறு, கௌபி. எருமைத் தயிருக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு டப்பாவைத் தேடுவானேன்? பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குப் பவுடரை விட ஒரு கோப்பை இலைக்கஞ்சி உதவியது.

பெண் பிள்ளையை அனுப்பலாமா? ஆம்பிளைதானே பழக்குகிறார்?

அனுப்பலாம். இந்தக் கேள்வியைத் தாய்மார் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும், கேட்காத தாயைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. பெண் ஆசிரியை ஒருவர் மண்டபத்தில் இல்லாவிட்டால் அன்றைக்குப் பயிற்சி இல்லை. ஆசிரியைக்குக் காய்ச்சல் என்றால் பிள்ளைகள் ஓடிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பிடியை ஒரு பொடியனிடம் பிடித்துக் காட்டுவேன், பெண் பிள்ளைகள் தங்களுக்குள் செய்து பார்ப்பார்கள். கதவு திறந்திருக்கும். பெற்றோர் எந்த நேரமும் வந்து இருந்து பார்க்கலாம். ஒரு அம்மம்மா வெற்றிலைப் பெட்டியோடு தினமும் வந்தார், போகப்போக நடுவருக்கே விதி சொல்லத் தொடங்கிவிட்டார்.

பெண்கள் மல்யுத்தம் 2004 ஏதென்ஸில் இருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2022 பர்மிங்காம் பொதுநலவாயப் போட்டியில் நெத்மி பொருதொட்டகே 57 கிலோப் பிரிவில் இலங்கைக்கு வெண்கலம் எடுத்தார். அந்தப் படம் பத்திரிகையில் வந்த பிறகு தாய்மாரோடு கதைப்பது கொஞ்சம் லேசாக இருந்தது. "முகத்தில் காயம் பட்டால் நாளைக்குக் கலியாணம்?" என்கிற கேள்வி மட்டும் போகவில்லை. சைக்கிளில் விழுந்தாலும் முகத்தில்தான் படும் என்று சொல்லிவிட்டு விடுவேன்.

காது தடித்துப் போகுமா? தோல் வருத்தம் தொற்றுமா?

இரண்டும் நடக்கும், இரண்டையும் தடுக்கலாம். காது அடிபட்டு வீங்கினால் குருத்தெலும்புக்கும் அதை மூடியிருக்கிற சவ்வுக்கும் இடையில் இரத்தம் தேங்குகிறது. ஓரிரு நாளுக்குள் வைத்தியசாலையில் காட்டி எடுக்க வேண்டும். விட்டால் அப்படியே இறுகி, சுருண்ட காதாகிவிடும். பொடியன்கள் சிலருக்கு அந்தக் காது பெரிய கௌரவம். காதுக்கவசம் போட மாட்டேன் என்று ஒளித்து வைப்பார்கள்.

தோலில் அதிகம் வருவது படர்தாமரை. வட்டமாகச் சிவந்து கடித்தால் மெத்தைக்கு வரவே கூடாது. அமெரிக்கப் பாடசாலை விதியில், உடம்பில் வந்தால் மருந்து தொடங்கி 72 மணித்தியாலமும், தலையில் வந்தால் 14 நாளும் கழித்துத்தான் விடுவார்கள். நானும் அதையே வைத்துக்கொண்டேன். தினமும் பயிற்சிக்கு முதல், ஒரு பங்கு பிளீச்சுக்கு நூறு பங்கு தண்ணீர் கலந்து மெத்தையைத் துடைக்க வேண்டும். தலையில் அடிபட்டு ஒரு விநாடி தடுமாறினாலும் அன்றைக்கு அந்தப் பிள்ளை திரும்ப ஏறக்கூடாது, இறுதிப் போட்டியாக இருந்தாலும்.

யூடியூப் பார்த்துப் பழகலாமா?

பார்க்கலாம், எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்க வேண்டும். அமெரிக்கப் பாடசாலைக் காணொளிகள்தான் அதிகம் கிடைக்கின்றன. அங்கே பிடிப்பது அவர்களுடைய சொந்தப் பாணி: கீழே அடக்கி வைத்திருப்பது முக்கியம், கீழே இருந்து தப்பி எழும்பினால் 1 புள்ளி. என்னிடம் ஒரு கெட்டிக்காரப் பொடியன் போனில் பார்த்து, தோளில் உருண்டு தப்பிக்கிற ஒரு வித்தையைத் தானாகவே பிடித்துவிட்டான். பார்க்க அழகுதான். வலயப் போட்டியில் இரண்டு தரம் உருண்டான். இரண்டு தரமும் அவனுடைய முதுகு மெத்தையைப் பார்த்தது, பிரீஸ்டைலில் அதற்கு எதிராளிக்கு இரண்டு இரண்டாக 4 புள்ளி. தப்பினதற்கு இவனுக்கு ஒன்றுமில்லை. வெளியே வந்து, "சேர், நான்தானே தப்பினேன்?" என்றான்.

படிப்புக் கெடாதா? ஏதாவது பலன் இருக்கா?

சாதாரண தரம் எழுதுகிற வருடம் இரண்டாம் தவணைக்குப் பிறகு நானே நிற்பாட்டிவிடுவேன். ரியூசனை விட்டுவிட்டு வா என்று ஒருவரையும் கேட்டதில்லை. தேசிய, சர்வதேச மட்டத்தில் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விசேடமாகக் கொஞ்ச இடம் வைத்திருக்கிறது. ஆனால் உயர்தரத்தில் தகுதி பெற்றிருக்க வேண்டும், வலயச் சான்றிதழைக் கொண்டுபோய் நீட்டினால் நடக்காது. எந்தச் சான்றிதழாக இருந்தாலும் மூலப் பிரதியைப் பொலித்தீன் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். நம் ஊர் வெள்ளம் சொல்லிவிட்டு வருவதில்லை.

யுத்த காலத்திலும் சுனாமிக்குப் பிறகும் எப்படி நடத்தினீர்கள்?

நடத்தினோம் என்று சொல்வதை விட, விட்டுவிட்டுத் தொடங்கினோம் என்று சொல்லலாம். இருட்டு முதல் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதால் பயிற்சி நாலரைக்கே முடிந்துவிடும். 2004 டிசம்பருக்குப் பிறகு பாடசாலைகள் முகாமாக இருந்தன, கடற்கரைப் பக்கம் போக ஒரு பிள்ளைக்கும் மனமில்லை. நானும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு கனகாலம் வயல் பக்கத்து வெளியில்தான் பழக்கினோம்.

எத்தனை சாம்பியன் உருவாக்கினீர்கள்?

மாகாணத்தில் வென்றவர்கள் இருக்கிறார்கள், தேசியப் போட்டிக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். பெரிய பேர் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் டான் கேபிள் என்ற பயிற்றுவிப்பாளர் அயோவா பல்கலைக்கழகத்துக்கு 15 தேசியப் பட்டம் எடுத்துக் கொடுத்தார். அவரே 1972 மியூனிக்கில் ஒரு புள்ளியும் விடாமல் தங்கம் வென்றவர். அவருக்குத் தெரிந்தெடுத்த ஆட்கள் வந்தார்கள். பாடசாலைப் பயிற்றுவிப்பாளருக்கு அந்த வருடம் தரம் எட்டில் யார் படிக்கிறார்களோ அவர்கள்தான் அணி. ஐந்து வருடம் பழக்கி, ஆள் திரண்டு வருகிற நேரம் உயர்தரம் முடித்துப் போய்விடுவான். திரும்பவும் விழுவதில் இருந்து தொடங்க வேண்டும். இதில் சலிப்பு வருகிறவர் இந்த வேலைக்கு வரக்கூடாது.

இப்படி உழைத்தவர்களை இந்த ஊர் நினைவில் வைத்திருக்கிறதா?

சிலரை. வெபர் மைதானம் என்று தினமும் சொல்கிறோமே, அது அமெரிக்காவில் இருந்து வந்து இங்கே விளையாட்டை வளர்த்த யேசுசபைத் துறவி ஹரல்ட் வெபரின் பெயர். அதே சபையைச் சேர்ந்த யூஜின் ஹேபர்ட் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், கூட வந்த இளைஞரோடு காணாமற்போனார். இன்றுவரை திரும்பவில்லை. அவரிடம் பழகினவர்கள் இப்போது பேரப்பிள்ளை கண்டவர்கள். பந்து எறிகிற கையின் முழங்கை எங்கே இருக்க வேண்டும் என்று அவர் திருத்தினதை இன்னும் செய்து காட்டுவார்கள்.

எங்கள் பாடசாலையில் தொடங்கப் போகிறேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதல் ஒரு மாதம் பிடி எதுவும் காட்ட வேண்டாம். விழப் பழக்குங்கள்: நாடியை நெஞ்சோடு வைத்து, கையை ஊன்றாமல் விழ வேண்டும். கையை ஊன்றுகிறவனுக்குத்தான் முழங்கை போகும். அதோடு கழுத்துக்குப் பயிற்சி. காசு கிடைத்தால் முதலில் நல்ல தராசு, பிறகு மெத்தை, எல்லாவற்றுக்கும் கடைசியாகச் சப்பாத்து. அதிபரிடம் எழுத்தில் அனுமதி, பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம். பெற்றோர் கூட்டத்துக்குத் தாய்மாரைக் கூப்பிடுங்கள், சாப்பாடு அவர்கள் கையில்தான் இருக்கிறது.

நீங்கள் இப்போதும் பழக்குகிறீர்களா? மகனைக் கூட்டி வரலாமா?

பொறுப்பு இப்போது என்னிடம் பழகின ஒரு ஆசிரியரிடம். சனிக்கிழமை காலையில் நான் போய் நிற்பேன், அவர் திட்டும்போது இடையில் புகமாட்டேன். கூட்டி வாருங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும். கையில் கட்டின நூல், கழுத்துச் சங்கிலி எல்லாம் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வரட்டும். ஒரு துவாய், ஒரு போத்தல் தண்ணீர். காலையில் சாப்பிட்டுவிட்டு, ஒன்றரை மணித்தியாலமாவது கழித்து வர வேண்டும்.